முனை பிடிக்க ஓர் ஆள்

படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது என்றில்லை. வீட்டில் எல்லோரும் அப்படித்தான் மடிக்கிறார்கள். ஒரு முனையை முகவாயில் இடுக்கிக்கொண்டு, கையை அகல விரித்து, மிச்சத் துணியால் தரையைக் கூட்டிப் பெருக்கி எப்படியோ ஒரு மூட்டையாக்கி அலமாரியில் திணித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அந்த வித்தை செல்லாது. அங்கே விரிப்புகள் மலை மலையாக வந்து இறங்கும். ஒவ்வொன்றும் கோடு பிடித்தது போல மடிந்து போக வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்பார்கள். இழுத்து ஓர் உதறு. பிறகு நடந்து நெருங்கி, ஒருத்தி தன் முனைகளை மற்றவள் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து, தொங்கும் மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போவாள். மறுபடி நெருங்குவாள். மறுபடி போவாள். துணி உலர்த்தும் இயந்திரங்கள் போடுகிற இரைச்சலில் தள்ளி நிற்கும்போது ஒரு சொல் காதில் விழாது. நெருங்கும் நேரத்தில்தான் பேச்சு. அதனால் அந்தக் கூடத்தில் எந்தக் கதையும் துண்டு துண்டாகத்தான் சொல்லப்பட்டது. "அவ மருமக இருக்காளே…" என்று சொல்லிவிட்டு ஒருத்தி பின்னால் போய்விடுவாள். அந்த மருமகள் என்ன செய்தாள் என்று தெரியாமல் மற்றவள் தவித்துக்கொண்டே துணியை உதறுவாள். அந்தத் தவிப்பில் கை பறக்கும். சூப்பர்வைசருக்கு இது தெரியாது. தான் கத்துவதால்தான் வேலை நடக்கிறது என்று மனிதர் நம்பிக்கொண்டிருந்தார்.

அந்தக் கதைகளில் சேராதவள் ஒருத்தி அங்கே இருந்தாள். பூட்டு என்று அவளுக்குப் பெயர் வைத்ததும் அந்தக் கூடம்தான். வாயைத் திறக்க மாட்டாள். வீட்டு விஷயம் வீட்டோடு என்பது அவள் கட்சி. அவளுக்கு இத்தனை காலமும் ஜோடியாக இருந்தது காது மந்தமான ஓர் அம்மா. இவள் பேச மாட்டாள், அவளுக்குக் கேட்காது. இருவரும் ஒருநாள் கூடச் சண்டை போட்டதில்லை. அந்த அம்மா ஓய்வு பெற்றுப் போனபோது மாலை போட்டு, படம் எடுத்து, பலகாரம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். பூட்டு மட்டும் உண்மையாகவே அழுதாள். அழுததன் காரணம் பாசம் இல்லை. இனி முனை பிடிக்க ஆள் கிடையாது.

"சனிக்கிழமைக்குள்ள ஒரு ஜோடி பாத்துக்க. இல்லன்னா திங்கக்கிழமையிலேர்ந்து ஈரப்பக்கம்" என்றார் சூப்பர்வைசர். முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு சொன்னார்.

அவர் கை கட்டிக்கொண்டு பேசுவதற்கு ஒரு வரலாறு உண்டு. முன்பொரு காலத்தில் ஒரு பெண்ணின் தோளில் கை போட்டுப் பேசும் பழக்கம் அவருக்கு இருந்தது. அந்தப் பெண் புகார் எழுதவில்லை. எழுதியிருந்தால் விசாரணை முடிவதற்குள் அவர் பேரன் எடுத்திருப்பார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கிழிந்த விரிப்புகளைத் தைத்துக் கொடுக்கும் தையல்காரியிடம் மட்டும் சொன்னாள். தையல்காரியின் தங்கை கடைத்தெருவில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருந்தாள். சூப்பர்வைசரின் மனைவி அங்கேதான் தைக்கக் கொடுப்பாள். அடுத்த வாரத்திலிருந்து அவருடைய கைகள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அப்படி ஓர் இடம் அது. யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் மகன் பரீட்சையில் கோட்டை விட்டான், யார் மாமியார் எந்த நாளில் வந்து இறங்குகிறாள், எல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் சீக்கிரம் கிளம்ப நினைப்பவள் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அவள் பங்கை நாலு பேர் எடுத்துக்கொள்வார்கள். கஷ்டம் உள்ளவளுக்குக் கனமான தள்ளுவண்டி போகாது. பூட்டுக்கு ஒரு கஷ்டமும் இருப்பதாக யாருக்கும் தெரியாது. எனவே கூடத்திலேயே கனமான வண்டி எப்போதும் அவள் பக்கம்தான் உருண்டு வந்தது. 'குறை இல்லாதவதானே, தள்ளட்டும்' என்பது நியாயம்.

உண்மையில் அவளுக்கு இருந்த குறைக்கு இரண்டு வண்டியை விட்டுக்கொடுக்கலாம். வலது மணிக்கட்டு ஒருமுறை ஒடிந்து கோணலாகச் சேர்ந்தது. உலர்ந்த துணியைத் தாங்கும், ஈரத் துணியைத் தாங்காது. ஈரப்பக்கம் என்றால் தண்ணீர் குடித்த விரிப்புகளைத் தொட்டியிலிருந்து அள்ளி அள்ளிப் போட வேண்டும். ஒரு வாரம் ஓட்டலாம், அதற்கு மேல் வேலையை விட வேண்டியதுதான். விட முடியாது. வீட்டில் அவள் ஒருத்தி சம்பளம்தான் வந்துகொண்டிருந்தது.

இதை யாரிடமும் சொல்ல முடியாததற்குக் காரணம் அவள் வீட்டு மாடியில் இருந்தது. மாடியில் அவள் கணவனின் அண்ணனும் அண்ணியும். அண்ணன் பார்த்துக் கொடுத்த வேலையை, "உங்க சிபாரிசுல பொழைக்கணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல" என்று எட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லி உதறிவிட்டு, தானாகவே ஒரு சரக்குக் கிடங்கில் சேர்ந்தவர் அவள் கணவர். சில மாதத்தில் கிடங்கையே மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் தினமும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிவிடுவார்.

"கிளம்பியாச்சா?" என்று மாடிக் கைப்பிடியிலிருந்து ஓரகத்தி குரல் கொடுப்பாள். கேட்கும்போதே மூக்கைக் கொஞ்சம் தூக்கிச் சிரிப்பாள்.

"ஆமாங்க அண்ணி. இன்னிக்கு லோடு வருது" என்பார் அவர்.

பூங்காவுக்கு என்ன லோடு வரும் என்று பூட்டு உள்ளே நின்று பல்லைக் கடிப்பாள்.

*

கூடத்தில் ஜோடி இல்லாமல் இருந்த இன்னொருத்தி நெட்டை. பெயருக்கேற்ற உயரம், உயரத்துக்கேற்ற வாய். அவளுடைய ஜோடிப் பெண் பிரசவத்துக்குப் போயிருந்தாள். நெட்டை தேர்ந்தெடுக்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி பூட்டு. இன்னொருத்தி ஈரப்பக்கத்திலிருந்து மேலே வரத் துடித்துக்கொண்டிருந்த ஒரு புதுப் பெண். அவள் வீடு மாறி மாறி வாழ்ந்தவள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வீட்டுச் சொந்தக்காரர், ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் ஒரு கதை. ஒரு வருஷத்துக்குத் தாங்கும் சரக்கு.

"ரெண்டு பேர் கூடயும் மடிச்சுப் பாக்குறேன். அப்புறம் சொல்றேன்" என்றாள் நெட்டை, பெண் பார்க்க வந்தவள் மாதிரி.

முதல் நாள் பூட்டோடு. காலையிலிருந்து உணவு இடைவேளை வரை பூட்டு பேசியது, "இந்தாங்க", "பிடிங்க", "இது கிழிஞ்சிருக்கு" மூன்றுதான். நெட்டை நாலைந்து இடத்தில் தூண்டில் போட்டுப் பார்த்தாள். வீட்டுக்காரர் எப்படி? நல்லா இருக்கார். மாடியில யாரோ இருக்காங்களாமே? இருக்காங்க. மத்தியானத்துக்குள் நெட்டையின் தோள் தொங்கிவிட்டது. கைவேகம் பாதியாகக் குறைந்தது.

"ஏன் பூட்டு, சுவத்துல ரெண்டு ஆணி அடிச்சு அதுல முனையை மாட்டிக்கிட்டா என்ன?" என்றாள். "ஆணியாவது துருப்பிடிக்கும். அதைப் பத்திப் பேசலாம்."

ஜன்னலோரத்தில் தையல்காரி ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தாள். கூடம் முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஈரப்பக்கத்தின் வாசனை பூட்டுக்கு மூக்கில் ஏறியது.

மறுநாள் புதுப் பெண்ணின் முறை. நெட்டையின் "அடிப் பாவி!" என்ற குரல் அன்று இயந்திர இரைச்சலையும் மீறிக் கேட்டுக்கொண்டே இருந்தது. மடித்த விரிப்புகள் கூரையைத் தொட்டன. சாயங்காலம் நெட்டை பூட்டைப் பார்த்து, "நாளைக்கு ஒரு அரை நாள் உன் கூட. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றாள். இறந்தவர் வீட்டுக்குப் போய்த் தலைகாட்டுகிற குரல் அது.

மறுநாள் காலை பூட்டு ஒரு தீர்மானத்தோடு வந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது. வேறு சரக்கு அவளிடம் இல்லை. கஷ்டத்தைக் கொடுத்தால்தான் இடம் கிடைக்கும் என்றால், இந்தா என் கஷ்டம், எடுத்துக்கொள்.

முதல் விரிப்பு. இழுத்து உதறினார்கள். பூட்டு நடந்து நெருங்கினாள். முனைகளை நெட்டையின் கையில் வைத்தாள். "அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு…" என்றாள்.

அதற்குள் குனிந்து மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போக வேண்டியதாயிற்று.

ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் வேலை போன சேதிதான் வெளியே வந்திருக்கும். ஆனால் நடுவில் ஒரு விரிப்பின் நீளம் இருந்தது. அந்த நீளத்துக்கு அப்பால் நெட்டையின் முகத்தைப் பார்த்தாள். அணைந்து கிடந்த அடுப்பைப் பற்றவைத்த மாதிரி அது எரிந்துகொண்டிருந்தது. அந்த முகத்திடம் போய் 'வேலை போயிடுச்சு' என்று சொன்னால் என்ன ஆகும்? 'ஐயோ பாவம்' என்பாள். அதோடு அடுப்பு அணைந்துவிடும். அந்த 'ஐயோ பாவம்' கடைத்தெருவுக்குப் போகும். அங்கிருந்து மாடிக்குப் போகும். மாடியில் மூக்கு மேலே போகும். பூட்டு திரும்ப நடந்தாள். நெருங்கினாள்.

"வேற ஒருத்தி இருக்கா" என்றாள்.

நெட்டையின் கையிலிருந்து முனை நழுவியது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் கையில் ஒரு முனை நழுவியதில்லை என்று பெயர்.

"உங்க வீட்டுக்காரருக்கா?" என்றாள். அதிர்ச்சியோடு சேர்த்து அதில் ஒரு மரியாதையும் இருந்தது. "இவ்வளவையும் வச்சுக்கிட்டா நீ வாயை மூடிக்கிட்டு இருந்த?"

அன்று உணவு இடைவேளைக்குள் கூடம் முழுவதுக்கும் தெரிந்துவிட்டது. சாயங்காலம் நெட்டை சூப்பர்வைசரிடம் போய், "இவதான் என் ஜோடி. வேற யார்கிட்டயும் குடுத்தீங்க, நடக்கிறதே வேற" என்று சொல்லிவிட்டாள். புதுப் பெண் ஈரப்பக்கத்திலேயே நின்று, இவள் அதிர்ஷ்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். புருஷன் கைவிட்ட பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்படுவது அந்தக் கூடத்தில்தான் நடக்கும்.

*

அதன் பிறகு பூட்டு வண்டி தள்ளவே இல்லை. கை வைக்கப் போனால், "நீ இருக்கிற இருப்புல வண்டி வேற தள்ளணுமா, தள்ளு அந்தப் பக்கம்" என்று பிடுங்கிக்கொண்டார்கள். யாரோ தன் டப்பாவிலிருந்து பாதியை அவள் தட்டில் வைத்தார்கள். ஈரப்பக்கத்துப் பெண்கள் கூட வாசலில் நின்று, "தைரியமா இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் மணிக்கட்டு கோணலாக இருப்பதைத் தையல்காரி அன்றுதான் கவனித்தாள்.

"அவன் முறுக்குனதா?" என்றாள்.

"ஐயோ இல்ல அக்கா, வழுக்கி விழுந்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்" என்று தையல்காரி நூலைப் பல்லால் கடித்தாள்.

பூட்டு திகைத்துப்போனாள். உண்மையைச் சொன்னபோது நம்பாமல் போவதும், பொய்க்கு இவ்வளவு மரியாதை கிடைப்பதும் அவளுக்குப் புதிது. ஆனால் பொய்க்குத் தினமும் தீனி போட வேண்டியிருந்தது. நெட்டை ஒவ்வொரு நெருக்கத்துக்கும் ஒரு கேள்வி வைத்திருந்தாள். ஆள் எப்படி? சிவப்பா, கறுப்பா? கல்யாணம் ஆனவளா? எங்கே பார்க்கிறார்கள்? பூட்டுக்குக் கற்பனை என்று பெரிதாகக் கிடையாது. கையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். இடம் பூங்கா என்றாள், இஸ்திரி போட்ட சட்டையும் சாப்பாட்டு டப்பாவுமாகப் போவார் என்றாள். ஆளுக்கு ஓரகத்தியை எடுத்துக்கொண்டாள்.

"சிரிக்கும்போது மூக்கைத் தூக்குவா அக்கா. யாரு வந்தாலும் மேலேருந்து கீழ பாப்பா."

"திமிரு புடிச்சவ."

"பேசும்போது கேள்வி கேக்குற மாதிரி இருக்கும். ஆனா பதில் அவளுக்குத் தெரியும்."

"அந்த மாதிரி ஆளுங்களை எனக்குத் தெரியும்டி" என்று நெட்டை விரிப்பை ஓர் உதறு உதறினாள். அது படாரென்று வெடித்தது.

பல வருஷமாக மாடியைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது எல்லாம் இப்போது தடையில்லாமல் வந்தது. இதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று பூட்டுக்கு இத்தனை நாளும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், அவள்தான் கேட்டிருக்க மாட்டாள்.

இரண்டு வாரத்துக்குள் அந்த இல்லாத பெண்ணுக்குக் கை, கால், வளையல், செருப்பு எல்லாம் முளைத்துவிட்டன. ஒருநாள் காலை கணவர் கண்ணாடி முன் நின்று தலை சீவுவதைப் பார்த்தபோது பூட்டுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பூங்காவுக்குப் போறதுக்கு எதுக்கு இவ்வளவு வகிடு?" என்றாள்.

அவர் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

*

வம்பு வந்தது நெட்டையின் வார விடுப்பில். அன்று அவள் வரவில்லை, அது சாதாரணம். மறுநாள் வந்து முனையைப் பிடித்தவள் ஒன்றும் கேட்கவில்லை. அது சாதாரணம் இல்லை. நெருங்கினார்கள், பிரிந்தார்கள், நெருங்கினார்கள். நெட்டை விரிப்பைப் பார்த்துக்கொண்டே மடித்தாள். பூட்டு தானாக ஒரு துண்டை எடுத்து வீசினாள்: "நேத்து அவ…"

"ம்" என்றாள் நெட்டை. அவ்வளவுதான்.

இடைவேளையில் பேச்சு அவள் உட்கார்ந்ததும் நின்றது. அந்தக் கூடத்தில் ஒருத்தி வந்ததும் பேச்சு நின்றால், பேச்சு அவளைப் பற்றியது என்று அர்த்தம். பொய் அம்பலமாகிவிட்டது, திங்கட்கிழமை ஈரப்பக்கம்தான் என்று முடிவு கட்டினாள். மணிக்கட்டு அப்போதே வலித்தது.

சாயங்காலம் தையல்காரி அவளை ஜன்னலுக்குக் கூப்பிட்டாள். தைத்துக்கொண்டே கேட்டாள்: "உங்க வீட்டுக்காரருக்குக் கிடங்கு வேலை எல்லாம் நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

"சரக்கை இறக்கி அடுக்கி, எது எங்கன்னு சொல்லுவாரா?"

"அதுல கெட்டிக்காரர். ஏன் அக்கா?"

"சும்மா. வேற ஒருத்தியை வச்சிருக்கிற ஆளு, வேலையாவது ஒழுங்காப் பாப்பாரான்னு ஒரு யோசனை."

பூட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாளெல்லாம் பயத்திலேயே இருந்தாள். அதற்கு மறுநாள் அவள் வீடு திரும்பியபோது கணவர் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார். மாடிக்குக் கேட்காத குரலில், "ஒரு வேலை சொல்லியிருக்காங்க" என்றார்.

"யாரு?"

"ஆஸ்பத்திரித் துணி ஏத்திட்டுப் போற வண்டிக்காரரு. பூங்காவுக்கே வந்து சொன்னாரு. உங்க ஆஸ்பத்திரியிலதான், துணிக்கிடங்குல. போய்ப் பாத்துட்டேன். திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க."

"வண்டிக்காரருக்கு உங்களை எப்படித் தெரியும்?"

அவர் காலை மாற்றி நின்றார். "அதுக்கு முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க."

"எந்த அம்மா?"

"நல்ல உயரம். ரெண்டு நாளைக்கு முன்னாடி. காலையிலயே வந்து எதிர் பெஞ்சுல உக்காந்து முறைச்சுக்கிட்டே இருந்தாங்க. நான் எந்திரிச்சு வேற பெஞ்சுக்குப் போனேன். அவங்களும் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டாங்க. பயமாப் போச்சு எனக்கு."

"அப்புறம்?"

"மத்தியானம் டப்பாவைத் திறந்தேன். நேரா வந்து நின்னாங்க. 'எங்க அவ?'ன்னாங்க. 'யாரும்மா?'ன்னேன். 'எப்ப வருவா?'ன்னாங்க. 'யாரும் வர மாட்டாங்கம்மா, தினமும் நான் தனியாத்தான் உக்காந்திருக்கேன்'னேன். டப்பாவை எட்டிப் பாத்தாங்க. 'ஒரு ஆளுக்குத்தான் இருக்கு'ன்னாங்க. அப்புறம் பக்கத்துல உக்காந்துட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். கேட்டாங்க, சொல்லிட்டேன். இத்தனை மாசமா என்னை யாரு எதைக் கேட்டா?" என்றார். பிறகு சந்தேகத்தோடு, "யாரு அந்த 'அவ'? உனக்கு ஏதாவது தெரியுமா?" என்றார்.

பூட்டு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். இடையில் விரிப்பு எதுவும் இல்லாததால் இந்த முறை முழுதாகவே வந்தது. சொல்லி முடித்துவிட்டு, அவர் கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் கத்தவில்லை. கை தானாகப் போய்த் தலைமுடியைத் தடவியது.

"எனக்கா?" என்றார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "நம்பினாங்களா?" என்றார்.

"உடனே நம்பினாங்க."

"ஓஹோ." கண்ணாடிப் பக்கம் ஒரு பார்வை. "ஆளு எப்படின்னு சொன்ன? அழகா இருப்பாளா?"

"உங்களுக்கு ஏத்த அளவுக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். சிரிப்பை அடக்கப் பாத்திரத்தை உருட்ட வேண்டியிருந்தது.

ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. நெட்டைக்குத் தெரிந்தால் தையல்காரிக்குத் தெரியும். தையல்காரிக்குத் தெரிந்தால் ரவிக்கைக் கடைக்குத் தெரியும். அந்தக் கடையில் தைக்கக் கொடுப்பவர்களில் மாடியும் ஒன்று. தவிர, திங்கட்கிழமை முதல் இவர் ஆஸ்பத்திரிக்குப் போனால், கிடங்கு என்ன ஆயிற்று என்று மாடி கேட்காமல் விடுமா? எதை மறைக்க இவ்வளவு பாடுபட்டாளோ அது வேலை கிடைத்த கையோடு வெட்டவெளிச்சமாகப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஓரகத்தி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவள் கீழே வருவது அபூர்வம். உள்ளே வந்து, நாற்காலியில் உட்காராமல் பூட்டின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் கேள்விப்பட்டேன்" என்றாள்.

வேலை போன சேதி மாடியேறிவிட்டது என்று பூட்டு நினைத்தாள்.

"நீ ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? ரவிக்கைக் கடையில வச்சு நான் கேக்க வேண்டியிருக்கு. நான் என்ன அந்நியமா? சரி விடு. ஆனா நீ செஞ்சதுதான் சரி. கண்ணெதிர்லயே வச்சுக்கணும் இந்த மாதிரி ஆளுங்களை."

"எதை அக்கா?"

"அதான், கிடங்கு வேலையை விடச் சொல்லி, உங்க ஆஸ்பத்திரியிலயே சேர்த்து விடுறியாமே. உன் சூப்பர்வைசர் காலுல விழுந்து வாங்கினியாமே. எங்க வீட்டுக்காரரும் சொல்றாரு, அவளுக்குத்தான் எவ்வளவு சாமர்த்தியம்னு."

பூட்டு வாயைத் திறந்தாள், மூடினாள். பழைய பழக்கம் கைகொடுத்தது.

எல்லாவற்றையும் ஒலிபரப்புகிற அந்தக் கூடம், வேலை போன சேதியை மட்டும் பல்லுக்குள் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறது. இல்லாத ஒருத்தியை மட்டும் அளந்து வெட்டி, ஓரம் தைத்து, சரியான கடை வழியாகச் சரியான காதுக்கு அனுப்பி வைத்திருக்கிறது. ஓட்டை எங்கே என்று தெரியாதபடி தைப்பதில் தையல்காரிக்குப் பெயர் உண்டு என்பது பூட்டுக்கு ஞாபகம் வந்தது.

ஓரகத்தி எழுந்துகொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "யாரு அவ? மூக்கைத் தூக்கித் தூக்கிச் சிரிப்பாளாமே. கேக்கும்போதே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்த மாதிரிப் பொம்பளைங்களை எல்லாம் சேர்க்கவே கூடாது" என்று சொல்லி, மூக்கைத் தூக்கி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மாடியேறினாள்.

*

திங்கட்கிழமை அவள் கணவர் வகிடெடுத்துச் சீவிய தலையோடு முற்றத்தைக் கடந்து துணிக்கிடங்குக்குப் போனார். ஜன்னலோரத்தில் ஒரு கும்பலே நின்று பார்த்தது.

"அந்தா போறாரு பாரு. பார்த்தா பூனை மாதிரி இருக்காரு."

"இவரை நம்பித்தான் நம்ம விரிப்பெல்லாம் அங்க போகுது."

"என்ன இருந்தாலும் சட்டை மடிப்பு கலையல."

எல்லோரும் முறைத்தார்கள். முறைத்தே ஆக வேண்டும், கூடத்துக்கு வெளியே இருந்தும் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். ஆனால் நடையில் ஒரு புது மிடுக்கு இருந்ததைப் பூட்டு கவனிக்காமல் இல்லை.

நெட்டை முனைகளோடு தயாராக நின்றாள். சூடான விரிப்பு. இழுத்து உதறினார்கள். பூட்டு நெருங்கினாள். "அக்கா, உங்களுக்கு எல்லாம் தெரியும்ல…" என்றாள்.

குனிந்து மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். அங்கே நின்று பார்த்தபோது நெட்டையின் முகத்தில் ஒன்றும் இல்லை. இரக்கம் இல்லை, சிரிப்பு இல்லை. திரும்ப நெருங்கினாள்.

"எனக்கு என்ன தெரியும்?" என்றாள் நெட்டை. "நீ சொன்னாத்தானே தெரியும். அந்தச் சிறுக்கி என்ன ஆனா?"

மடிப்பு கைமாறியது. பூட்டு பின்னால் போனாள். பக்கத்து மேசையில் கை நின்றிருந்தது. தையல்காரியின் ஊசி நின்றிருந்தது. வண்டி தள்ள வந்த ஈரப்பக்கத்துப் பெண் வண்டியோடு நின்றிருந்தாள். அத்தனை பேருக்கும் தெரியும், அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று. அத்தனை பேரும் அவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தார்கள்.

பூட்டு நடந்து வந்தாள்.

"ஊரை விட்டே போயிட்டாளாம் அக்கா" என்றாள்.

நெட்டையின் முகம் விழுந்துவிட்டது. "அதுக்குள்ளயா?" என்றாள். அது நடிப்பு இல்லை. "இன்னும் ஒரு மாசமாவது இருந்திருக்கலாமேடி. இப்பத்தானே சூடு பிடிச்சுது." விரிப்பை வாங்கி அடுக்கின் மேல் வைத்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவினாள். அடுத்த விரிப்பை எடுத்து இரண்டு முனையைப் பூட்டின் கையில் கொடுத்தாள்.

"சரி விடு" என்றாள். "அந்த மாதிரி ஆளு போன எடத்துல தரிக்க மாட்டா. மழைக்காலத்துக்குள்ள திரும்பி வந்துருவா. பிடி."